ஒன்பது விரலும் ஒரு ஜவ்வரிசியும்

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம். நாற்பத்தேழு வயதில், விசாவுக்குக் கைரேகை கொடுக்க நான்கே நாள் இருக்கும்போது, மச்சானின் சேகோ ஆலையில், ஜவ்வரிசி காயவைக்கும் களத்தில், என் மகளுடைய ஸ்கேட்போர்டின் மேல் ஏறினேன். இறங்கும்போது வலது மணிக்கட்டில் எலும்பு உடைந்திருந்தது. டாக்டர் கட்டைவிரலையும் உள்ளே வைத்து மாவுக்கட்டு போட்டுவிட்டார். கட்டைவிரலைக் காட்ட முடியாதவனுக்கு விசா இல்லை.

ஆகவே, வெளிநாட்டில் இருப்பவன் எழுதும் இந்தக் குறிப்புகளை வெண்ணந்தூருக்குப் பக்கத்தில், மாமியார் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஸ்காட்லாந்தின் அபெர்தீன் நகரத்துக்குப் போய் இந்த வாரத்தோடு பதினொரு வருடம். ஆண்டுதோறும் இந்த நாளில் என் மனைவி கோகிலா கேசரி கிண்டுவாள். இந்த வருடமும் கிண்டினாள். வீடியோவில் கிண்ணத்தைக் காட்டினாள். முந்திரி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. நான் இல்லாத வீட்டில் முந்திரி நிறையவே மிஞ்சும் என்பதை நானும் மறுக்கவில்லை.

2

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர். கோகிலா அங்கே நர்ஸ். மகள் மகிழினிக்குப் பதின்மூன்று வயது. அவர்கள் இருவரும் அந்த நாட்டுக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் விசாக்காரன். அதற்குக் காரணம் அரசாங்கம் இல்லை, நான்தான். குடியுரிமைக்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு. அந்த நாட்டு ராஜாக்கள், போர்கள், கவிஞர்கள் என்று கேட்பார்கள். இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறை தோற்றேன். மாதிரித் தாளை மகியிடம் கொடுத்தேன். சோளப்பொரி தின்றுகொண்டே எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டுத் தாளில் எண்ணெய்க் கையைத் துடைத்தாள்.

மூன்றாவது முறை எழுதலாம், எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். ஏப்ரலில் பள்ளி விடுமுறைக்கு மூன்று பேரும் ஊருக்கு வந்தபோது என் விசா முடிகிற நேரம். இங்கிருந்தே புதிதாக வாங்கிவிடலாம், சென்னைக்குப் போய்க் கைரேகை கொடுத்தால் மூன்று வாரத்தில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். அதில் ஸ்கேட்போர்டைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

3

இப்போது அந்த ஸ்கேட்போர்டைப் பற்றி.

அபெர்தீனில் நான் மீன் பதப்படுத்தும் ஆலையில் குளிரறை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். வாரம் முழுக்க மைனஸ் இருபதில் நின்றுவிட்டு, சனிக்கிழமை காலை மகியோடு ஸ்கேட் பூங்காவுக்குப் போவேன். அங்கே ஒரு பெரிய சரிவு இருக்கிறது, என் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். உச்சியில் ஓர் இரும்புக் குழாய். பலகையின் வாலை அந்தக் குழாயின் மேல் வைத்துப் பின்னங்காலால் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். பலகையின் முன்பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு முன்னங்காலை அந்த அந்தரத்தின் மேல் வைத்து ஓங்கி மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. பயந்துபோய் உடம்பு ஓர் அங்குலம் பின்னால் சாய்ந்தாலும் பலகை முன்னால் ஓடிவிடும், ஆள் முதுகில் விழுவார்.

மகி ஒரு வருடமாக அந்த உச்சி வரைக்கும் போவாள். வாலை வைப்பாள். நிற்பாள். கீழே பார்ப்பாள். பலகையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி வந்துவிடுவாள்.

நான் கீழே அவளுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் மாதம் சும்மா நிற்க முடியவில்லை. லாரிக்கு ரிவர்ஸ் சொல்லும் ஊரில் பிறந்த வாய் அல்லவா? "வரட்டும் வரட்டும் வரட்டும், அப்படியே உடு உடு!" என்று கத்தினேன். அங்கிருந்த வெள்ளைக்காரப் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் நாங்கள் உள்ளே நுழைந்ததும் நான்கு பேர் சேர்ந்து "உடு உடு" என்றார்கள். மகியின் முகம் சிவந்துவிட்டது.

அன்றைக்குக் காரில் ஓர் ஒப்பந்தம் போட்டாள்.

"அப்பா, நீ வரணும். கீழ நிக்கணும். ஆனா பேசக் கூடாது."

"பேசாம எதுக்கு நிக்கறது?"

"நீ நின்னாதான் நான் இறங்குவேன்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமையடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. குளிரறையில் ஒரு போலந்துக்காரரிடம்கூடச் சொன்னேன். அவருக்குத் தமிழும் தெரியாது, எனக்கு இங்கிலீஷும் சரியாக வராது. இருந்தாலும் தட்டிக்கொடுத்தார். இந்தக் கோடைக்குள், அதாவது அந்த ஊர்க் கணக்கில் ஆகஸ்டுக்குள், அந்தச் சரிவில் அவள் இறங்கிவிட வேண்டும், நான் கீழே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு.

4

ஊருக்கு வரும்போது பலகையையும் கொண்டுவந்தாள். எங்கே ஓட்டுவது? எங்கள் பக்கத்துச் சாலையில் ஸ்கேட்போர்டு ஓட்டினால் பல் மிஞ்சாது. அப்போதுதான் கோகிலாவின் அண்ணன் செந்தில், "நம்ம களத்துல உட்டுப் பாரு சாமி" என்றார்.

சேகோ ஆலைக் களத்தைப் பார்த்திருப்பீர்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவெடுத்து, குலுக்கி உருட்டி, வறுத்த ஜவ்வரிசியை வெயிலில் காயவைக்கும் சிமெண்டுத் தரை. ஏக்கர் கணக்கில் தட்டையாக, வழவழவென்று கிடக்கும். பிற்பகலில் ஜவ்வரிசியை அள்ளி முடித்ததும் களம் காலி. அபெர்தீன் மாநகராட்சி இத்தனை அகலமாக ஒரு பூங்கா கட்டவில்லை. மகி களத்தின் நடுவில் நின்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, "மாமா, இது எல்லாம் உங்களுதா?" என்று கேட்டாள். செந்தில் மச்சானின் மீசை அன்று முழுக்க இறங்கவே இல்லை.

அவள் ஓட்டுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கால் அரித்தது. சின்ன வயதில் பரமத்தி வேலூரில் பலகைக்கு அடியில் பழைய பேரிங் மாட்டி வண்டி ஓட்டியவன் நான். எனக்கும் கற்றுக்கொடு என்றேன். அவள் சந்தோஷமாக ஒரு காகிதத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். அவளுக்குத் தமிழ் எழுத வராது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். அதில் முதல் வரி, விழப் பழகு. பக்கவாட்டில் விழு, உருண்டுவிடு, கையை ஊன்றாதே. இரண்டாவது, எந்தக் கால் முன்னங்கால் என்று கண்டுபிடி. மூன்றாவது, பலகை உருளாத இடத்தில் நின்ற இடத்திலேயே பழகு. அதற்குக் கீழே, முழங்காலை மடக்கு, காலைப் பார்க்காமல் போகிற இடத்தைப் பார், சக்கரத்தின் முன்னால் ஒரு பொடிக்கல்கூட இருக்கக் கூடாது.

முதல் வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். விழுவதற்கு ஒரு பயிற்சியா? அது தானாக வருமே!

நேராக இரண்டாவதுக்குப் போனேன். எந்தக் கால் முன்னங்கால் என்பதை அறிய, எதிர்பாராத நேரத்தில் பின்னாலிருந்து யாராவது தள்ளிவிட வேண்டுமாம். எந்தக் கால் முதலில் முன்னால் போகிறதோ அதுதான். மச்சான் உடனே கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பதினஞ்சு வருசமாக் காத்துக்கிட்டு இருந்தேன் மாப்ள."

தள்ளினார். இடது கால் முன்னால் போனது. நானும் நான்கடி போனேன். மகி "சரி, இடது" என்றாள். மச்சான், "சந்தேகமா இருக்குது, இன்னொருக்காத் தள்ளிப் பாக்கட்டுமா?" என்றார்.

மூன்றாவதையும் தாண்டிவிட்டு நேராகப் பலகையில் ஏறி ஓட்டினேன். ஓர் இருபதடி ராஜா மாதிரி போனேன். களத்தைக் கூட்டியிருந்தார்கள். ஆனாலும் ஒரே ஒரு ஜவ்வரிசி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. முன்சக்கரம் அதில் முட்டி நின்றது. நான் நிற்கவில்லை. கையை ஊன்றினேன். மகி பின்னாளில் சொன்னபடி, சத்தம் அவளுக்கே கேட்டதாம்.

களத்தில் வேலை செய்யும் சரோஜா ஓடிவந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார். கேட்ட முதல் கேள்வி, "கைய எதுக்குங்க ஊனுனீங்க?"

5

நான்கு நாள் கழித்துச் சென்னையில் விசா அலுவலகம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், மிகவும் மரியாதையானவர்.

"சார், வலது கட்டைவிரல்?"

"உள்ளே இருக்குதுங்க."

"பத்து விரலும் வேணும் சார்."

"ஒம்பது இருக்குதுங்களே. மீதிய அப்புறம் கொண்டாந்து தாரேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கச் சம்பளம் கொடுப்பதில்லை போலும். விரலே இல்லாதவர்களுக்கு விதி உண்டு, தற்காலிகமாகக் கட்டுப் போட்டவர்கள் ஆறிய பிறகுதான் வர வேண்டும் என்று சொன்னார். எத்தனை நாளில் ஆறும் என்று அவர் கேட்டார். எட்டிலிருந்து பத்து வாரம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எப்படி உடைந்தது என்றும் கேட்டார். ஸ்கேட்போர்டு என்றேன். அப்போதுதான் முதல்முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து என் தலைமுடியைப் பார்த்தார். அதில் நரைக்காதது எங்காவது இருக்கிறதா என்று தேடியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோகிலாவும் மகியும் கிளம்பினார்கள். பெட்டியின் எடை கூடிவிட்டது. மிளகாய்ப் பொடியா, ஸ்கேட்போர்டா என்று வந்தபோது கோகிலா மிளகாய்ப் பொடியை வைத்துக்கொண்டாள். விமான நிலைய வாசலில் மகி பலகையை என் இடது கையில் கொடுத்தாள்.

"எப்ப வருவே?"

"கட்டுப் பிரிச்சதும் வந்துருவேன் சாமி."

"கோடைக்குள்ளயா?"

"கோடைக்குள்ள."

பலகை என்னிடம் இருக்கிறது, அவள் எப்படி இறங்குவாள், எனக்காகக் காத்திருப்பாள் என்று நினைத்தேன். தப்பாக நினைக்காதீர்கள், மகிழ்ச்சியாகவே நினைத்தேன்.

6

மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்ட மருமகனின் வரலாற்றைத் தட்டை வைத்தே எழுதிவிடலாம். முதல் வாரம் நாட்டுக்கோழி. இரண்டாம் வாரம் பிராய்லர். மே மாதம் முட்டை. ஜூனில், "மாப்ள, இன்னிக்கு ரசம் போதுமுங்களா?" என்று கேட்டார்கள். இத்தனைக்கும் இது நாமக்கல் மாவட்டம், முட்டைக்கா பஞ்சம்?

கடைவீதிக்குப் போனால் கேள்வி. "எப்பங்க வந்தீங்க" என்று ஏப்ரலில் கேட்டவர்கள், மே மாதம் "எப்பங்க கிளம்பறீங்க" என்றார்கள். ஜூலையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னை அங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஊரே முடிவு செய்துவிட்டது. ஒருவர் தன் மகனை என்னிடம் அழைத்து வந்து, "வெளிநாடு வெளிநாடுன்னு நிக்கறானுங்க, நீங்களே சொல்லுங்க" என்று என்னை எச்சரிக்கைப் பலகை மாதிரிக் காட்டிவிட்டுப் போனார்.

கட்டுப் பிரித்து, ஜூலையில் பத்து விரலையும் கொடுத்துவிட்டு வந்தேன். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். தினமும் காலையில் எழுந்து கைபேசியில் பார்ப்பேன். பரிசீலனையில் உள்ளது. பல் துலக்கிவிட்டுப் பார்ப்பேன். பரிசீலனையில் உள்ளது. மூன்று வாரம் ஆறு வாரம் ஆனது. பாஸ்போர்ட் இல்லாதவன் விமானம் ஏற முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவனால் ராசிபுரம் பஸ்ஸில்கூட நிம்மதியாக உட்கார முடியாது என்பதை நான் கண்டுபிடித்தேன். எங்கே போனாலும் போன மாதிரி இல்லை. அபெர்தீன் வீட்டுச் சாவி இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. ஒருநாள் மாமியார் வீட்டு மாடிக் கதவில் அதைப் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

மகி முதலில் குரல் செய்தி அனுப்புவாள். பிறகு ஆங்கில எழுத்தில் இரண்டு வரி. பிறகு "ம்". பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் அந்தப் படம் மட்டும். என் கட்டைவிரல் மாவுக்குள் கிடந்த காலமெல்லாம் அவளுடைய கட்டைவிரல் வந்துகொண்டே இருந்தது. மே மாதத்துக்குப் பிறகு "எப்ப வருவே" என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். பொறுமை வந்துவிட்டது, பெரிய பெண் ஆகிவிட்டாள் என்று கோகிலாவிடம் சொன்னேன். கோகிலா "ஆமா ஆமா" என்றாள்.

நான் மட்டும் விடவில்லை. அந்தச் சரிவில் இறங்குவது எப்படி என்று இணையத்தில் தேடித் தேடி, தினமும் அவளுக்கு ஓர் ஆலோசனை அனுப்பினேன். தோளைச் சரிவுக்கு இணையாக வை. முதலில் சின்னச் சரிவில் பழகு. யாராவது இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளச் சொல். பிடித்துக்கொள்ள வேண்டியவன் இங்கே ரசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்பதைச் சேர்க்கவில்லை.

7

கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்து மறுபடி பலகையை எடுத்தேன். ஆமாம், மறுபடியும்தான். முட்டாள்தனம் முதல் பகுதியோடு முடிந்துவிட்டது என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே.

இம்முறை பட்டியலின் முதல் வரியிலிருந்து தொடங்கினேன். சீசன் இல்லாததால் களம் காலி. பராமரிப்பு வேலைக்கு வந்த சரோஜாவும் இன்னும் இரண்டு பெண்களும் மாவு படியும் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் சாக்குகளை விரித்து அவற்றின்மேல் விழுந்து விழுந்து எழுவதைப் பார்த்து முதல் நாள் பயந்தார்கள், இரண்டாம் நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் சரோஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி இல்லீங். நாங்க ஈரமாவுத் தட்டத் தூக்கிட்டுப் போறப்ப வழுக்குச்சுன்னா என்ன செய்வோம்? தட்ட வீசிருவோம். கைய நெஞ்சோட சேத்துக்கிட்டு ஒருச்சாச்சு உக்காந்துருவோம். தட்டப் புடிக்கப் பாத்தாத்தான் கை போகும்."

"மாவு கொட்டிட்டா மச்சான் திட்ட மாட்டாரா?"

"கொட்டுன மாவ அள்ளிக்கலாமுங்க. ஒடைஞ்ச கைய யாரு அள்ளறது?"

அவர் செய்து காட்டினார். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, காலி அலுமினியத் தட்டோடு நடந்து, வழுக்குவது போலச் சரிந்து, தட்டை எறிந்துவிட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். ஒரு சத்தம் இல்லை. மகி எழுதிய முதல் வரியை அப்படியே உட்கார்ந்து காட்டினார். நான் பத்து முறை செய்தேன். தட்டுகள் நெளிந்தன.

பிறகு பலகையைச் சாக்கின் மேல் வைத்துக்கொண்டேன். சாக்கில் சக்கரம் உருளாது. நின்ற இடத்திலேயே குதிக்க, வாலை மிதிக்க, மறுபடி ஏறப் பழகினேன். இரண்டு வாரம். ஒருநாள் பலகை என் காலோடு ஒரு விரல்கடை எழும்பியது. மச்சான் குனிந்து பார்த்து, "எலி போற அளவுக்கு எந்திரிச்சுது மாப்ள" என்றார். அந்தக் குடும்பத்தில் அதுதான் பாராட்டு.

8

ஆலையின் பின்பக்கம் கிழங்கு லாரி நிற்கும் மேடை ஒன்று இருக்கிறது. இடுப்பளவு உயரம். அதிலிருந்து களத்துக்கு ஒரு சிமெண்டுச் சரிவு. போன திங்கட்கிழமை சாயங்காலம் அதைச் சுத்தமாகக் கூட்டினேன். உட்கார்ந்து ஒவ்வொரு ஜவ்வரிசியாகத் தேடிப் பொறுக்கினேன். பலகையின் வாலை மேடை விளிம்பில் வைத்துப் பின்னங்காலால் அழுத்தினேன்.

முன்பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது.

இடுப்பளவுதான். ஆனால் அங்கே நின்றால் அது இடுப்பளவு இல்லை. ஒரு வருடம் மகி நின்றாளே, அது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. நான் கீழிருந்து "உடு உடு" என்று கத்தினேனே, என்னை என்ன செய்தால் தகும்? முன்னாலும் போக முடியவில்லை, பின்னால் இறங்கவும் வெட்கம். சரோஜாவும் மற்ற இரண்டு பெண்களும் மச்சானும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசாவும் பரிசீலனையில், நானும் பரிசீலனையில்.

"ஏனுங், அங்கயே குடியிருக்கப் போறீங்களா?" என்றார் சரோஜா.

"பயமா இருக்குதுங்க."

"தொட்டி மேல போட்ட பலகைல நாங்க நடக்கறமுங்களே. பாதி தூரத்துல நின்னு யோசிச்சா, நேரா தொட்டிக்குள்ளதான். பயந்தா மெதுவா மிதிப்பீங்க, மெதுவா மிதிச்சாத்தான் வழுக்கும். ஓங்கி மிதிச்சிருங்க."

மச்சான் படியிறங்கிப் போய்ச் சரிவின் அடியில் நின்றுகொண்டார். கையைக்கூட நீட்டவில்லை. சும்மா நின்றார். வாயைத் திறக்காமல் அவர் நின்றதை அந்தப் பதினைந்து வருடத்தில் அன்றுதான் பார்த்தேன்.

மிதித்தேன்.

அடிவயிறு மேடையிலேயே நின்றுவிட்டது, மீதி ஆள் கீழே போய்விட்டேன். சக்கரம் கடகடவென்று களத்தில் ஓடியது. விழவில்லை. மச்சானைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, களத்தின் பாதி வரைக்கும் போய்த் தானாக நின்றேன். பின்னால் மூன்று பெண்கள் குலவையிட்டார்கள். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. களத்தில் அப்போது தூசியே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து மகிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். என் வாழ்க்கையிலேயே நீளமான செய்தி. இத்தனை நாள் இணையத்திலிருந்து நான் அனுப்பியதை எல்லாம் மறந்துவிடச் சொன்னேன். பாதியில் யோசிக்காதே, ஓங்கி மிதி, அது ஒன்றுதான் என்றேன். நீ அங்கே நின்றபோது கீழிருந்து நான் கத்தியதற்கு மன்னித்துக்கொள் என்றேன். கடைசியாகச் சொன்னேன்: "காத்திரு சாமி. விசா இன்னிக்கோ நாளைக்கோ வந்துரும். உன் போர்டையும் எடுத்துட்டு வாரேன். நான் வந்து கீழ நிக்கறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அதுக்கப்புறம் நீ இறங்கு."

அபெர்தீனில் அப்போது மதியம். அவள் செய்தியைக் கேட்டுவிட்டாள் என்று கைபேசி காட்டியது. எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறாள் என்றது. நான் கட்டைவிரல் படத்துக்காகக் காத்திருந்தேன். சரோஜா நெளிந்த தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பதில் வந்தது.

"மே மாசமே வேற போர்டுல இறங்கிட்டேன்ப்பா."